செத்த சங்கிலிக்கு 'உயிருள்ள' பாலிமர்னு பேரா?

முதல்லயே சொல்லிடறேன், இது கெமிஸ்ட்ரி பதிவு. சண்டைப் பதிவும் கூட. கெமிஸ்ட்ரின்னதும் அடுத்த பதிவுக்குத் தாவப் பார்க்கிற மக்கா, கொஞ்சம் நில்லுங்க. நீங்க போட்டிருக்கிற ஷூவோட அடிப்பாகம், பார்சல் ஒட்டுற டேப்போட பசை, நெடுஞ்சாலையில் ஊத்துற தார்னு நீங்க தொடுகிற, மிதிக்கிற பல சாமான்களில் இந்தச் சண்டையின் கதாநாயகன் ஒளிஞ்சிருக்கான்.

சண்டை ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. 'லிவிங் பாலிமரைசேஷன்'. தமிழில் உயிருள்ள பலபடியாக்கல் என்று எழுதலாம். அந்தப் பேருக்கு ஒரு கறாரான அர்த்தம் இருக்கு: வளர்கிற சங்கிலி தானாகச் சாகக் கூடாது, தன் உயிரை வேறொரு மூலக்கூறுக்குத் தாரை வார்க்கவும் கூடாது. அவ்வளவுதான். ஆனால் முப்பது வருஷமா, சங்கிலிகளில் ஒரு பங்கு கண்ணெதிரே செத்துக்கிட்டிருக்கிற வினைகளுக்கும் இதே பேரை ஒட்டி, கட்டுரை எழுதி, பட்டம் வாங்கி, பாடமும் நடத்திக்கிட்டிருக்காங்க. இது தப்பு என்பது என் கட்சி. 'பேர்ல என்னய்யா இருக்கு' என்பவர்களுக்காகவே இந்தப் பதிவு இவ்வளவு நீளம்.

என்ன நடக்குதுன்னு தெரியாம சண்டை போட்டா சுவாரசியம் இருக்காது. அதனால கொஞ்சம் அடிப்படை.

பாலிமர் என்பது மோனோமர் என்கிற சின்ன மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. சாதாரண ரேடிக்கல் முறையில் ஒரு சங்கிலி பிறக்கும், மோனோமரைக் கபகபவென்று விழுங்கும், எதிரே வருகிற இன்னொரு ரேடிக்கல் மேல மோதும், ரெண்டும் சேர்ந்து காலி. பிறப்பிலிருந்து சாவு வரைக்கும் ஏறக்குறைய ஒரு விநாடி. வினை பல மணி நேரம் ஓடலாம், ஆனா முதல் நிமிஷத்துல பிறந்தவன் முதல் நிமிஷத்துலயே போய்ச் சேர்ந்துடுவான்.

பிளாக் கோபாலிமர் என்பது வேற சமாச்சாரம். ஒரே சங்கிலியில் முதலில் ஒரு மோனோமரின் நீளமான தொகுதி, அப்புறம் இன்னொண்ணின் தொகுதி. ரயிலில் முதலில் பத்து ஏசி பெட்டி, அப்புறம் பத்து ஜெனரல் பெட்டி கோத்த மாதிரி. ஏசியும் ஜெனரலும் கலந்து கட்டிக் கோத்தால் அது வெறும் கோபாலிமர். தனி ஏசி ரயிலும் தனி ஜெனரல் ரயிலும் பக்கத்துப் பக்கத்துத் தண்டவாளத்தில் நின்றால் அது வெறும் கலவை.

இப்போ யோசிங்க. ரேடிக்கல் முறையில் முதல் மோனோமர் தீர்ந்ததும் ரெண்டாவதை ஊத்தினா என்ன ஆகும்? முதல் சங்கிலிகள் எல்லாம் ஏற்கெனவே பிணம். புதுசா ஊத்தினது புதுச் சங்கிலியா வளரும். கிடைப்பது கலவை. ரெண்டு பாலிமரைக் கலந்தா பெரும்பாலும் எண்ணெயும் தண்ணியும் மாதிரி பிரிஞ்சுடும், கையில் எடுத்தால் உதிரும். ஒரே சங்கிலியில் தைத்திருந்தால் மட்டும்தான் பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் 20, 30 நானோமீட்டர் அளவில் ஒழுங்காக அடுக்கிக்கொள்ளும். பிளாக் கோபாலிமரின் மகிமை மொத்தமும் அந்தத் தையலில்தான். தையல் போட, முதல் தொகுதியின் நுனி ரெண்டாவது மோனோமர் வரும்வரை உயிரோடு காத்திருக்கணும். 'லிவிங்' என்கிற வார்த்தை அலங்காரத்துக்கு வந்ததில்லை, இந்தக் காத்திருப்புக்கு வந்தது.

இதை 1956-ல் அமெரிக்காவில் சிரக்யூஸ் நகரத்தில் செய்து காட்டியவர் மைக்கேல் ஷ்வார்ஸ், போலந்தில் பிறந்தவர். கூட இருந்தவர்கள் மோஷே லெவி, ரால்ஃப் மில்கோவிச். நாப்தலீனையும் சோடியத்தையும் டி.எச்.எஃப் கரைப்பானில் போட்டால் கரும்பச்சைக் கரைசல். அதில் ஸ்டைரீனை விட்டால் பச்சை போய் செர்ரிச் சிவப்பு. ஸ்டைரீன் முழுக்கத் தீர்ந்த பிறகும் சிவப்பு போகவில்லை! மறுபடி ஸ்டைரீன் விட்டால் கரைசல் இன்னும் கெட்டியாகிறது. அதாவது பழைய சங்கிலியே நீளுகிறது. ஐசோப்ரீனை விட்டால் அதே நுனியில் அடுத்த தொகுதி. அந்த வருஷம் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையின் தலைப்பிலேயே பிளாக் பாலிமர் செய்யப் புது வழி என்று போட்டிருந்தார்கள். லிவிங் பாலிமர் என்ற பேரும் அதே வருஷம்தான் வந்தது. பேரும் பிளாக்கும் இரட்டைப் பிள்ளைங்க.

ஏன் சாகவில்லை? நுனியில் இருப்பது ரேடிக்கல் இல்லை, எதிர்மின்சுமை. ரெண்டு எதிர்மின்சுமை ஒன்றையொன்று விரட்டுமே தவிர கட்டிப் பிடிச்சுச் சாகாது. அப்போ எதுதான் கொல்லும்? தண்ணி, காற்று, ஆல்கஹால். ஒரு துளி மெத்தனால் விட்டா சிவப்பு அந்த நொடியே மறையும். சாவைக் கண்ணால் பார்க்கிற வினைங்க இது.

கணக்கு ஒண்ணு போட்டுக் காட்டறேன், அப்போதான் இதன் கறார் புரியும். 100 கிராம் ஸ்டைரீனை மூலக்கூறு எடை 1 லட்சம் வருகிற மாதிரி பாலிமர் ஆக்கணும். அதுக்கு வேண்டிய சங்கிலிகள் 1 மில்லிமோல். பியூட்டைல் லித்தியம் போட்டு ஆரம்பித்தால் 64 மில்லிகிராம் போதும். அத்தனை சங்கிலியையும் சாகடிக்கத் தேவையான தண்ணீர் எவ்வளவு? 18 மில்லிகிராம். ஒரு சொட்டுகூடக் கிடையாது, அரைச் சொட்டுக்கும் கீழ. அதனால்தான் இந்த வேலை செய்கிறவர்கள் மோனோமரைத் திரும்பத் திரும்ப உலர்த்தி வடிக்கிறார்கள். முதலில் இனிஷியேட்டரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, உள்ளே ஒளிஞ்சிருக்கிற அழுக்கை எல்லாம் அதுக்கே பலி கொடுத்து, லேசான நிறம் நிலைத்து நின்ற பிறகுதான் கணக்குப்படியான அளவை விடுவார்கள். மடி, ஆசாரம்னு பாட்டி பாடுபடுத்தினது எல்லாம் இதுக்கு முன்னால ஜுஜுபி.

'சரி, இப்படி ஆசாரம் பார்த்தா தொழில் நடக்குமா?' என்று கேட்பவர்களுக்கு: நடந்துச்சு, நடக்குது. மில்கோவிச் பிற்பாடு ஷெல் கம்பெனிக்குப் போனார். 1965-ல் ஷெல் 'கிரேட்டான்' என்ற பேரில் ஸ்டைரீன்-பியூட்டாடையீன்-ஸ்டைரீன் மூணு தொகுதிப் பாலிமரைச் சந்தைக்குக் கொண்டு வந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து கடைக்கு 9 வருஷம்! சோடியத்துக்குப் பதில் லித்தியம், டி.எச்.எஃப்-க்குப் பதில் ஹைட்ரோகார்பன் கரைப்பான். காரணம் உண்டு. டி.எச்.எஃப்-ல் செய்தால் பியூட்டாடையீன் வேறு மாதிரி இணைந்து, நல்ல ரப்பர் குணம் போய்விடும். அதோட சோடியம் முறையில் சங்கிலி ரெண்டு பக்கமும் வளரும், ஸ்டைரீனில் ஆரம்பித்தால் ரப்பர் வெளியே, ஸ்டைரீன் நடுவில் மாட்டிக்கும். வேண்டியதோ நேர் எதிர்.

ஏன் எதிர்? ரெண்டு முனையிலும் இருக்கிற பாலிஸ்டைரீன் தொகுதிகள் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்து சின்னச் சின்னக் கடினக் குண்டுகளாகும். நடுவில் இருக்கிற பாலிபியூட்டாடையீன் ஒரு குண்டிலிருந்து இன்னொரு குண்டுக்குப் பாலம் போடும். இழுத்தால் நீளும், விட்டால் திரும்பும். கந்தகம் போட்டு வேகவைக்காமலே ரப்பர்! 100 டிகிரிக்கு மேலே சூடாக்கினால் ஸ்டைரீன் குண்டுகள் இளகி பிளாஸ்டிக் மாதிரி வார்க்கலாம், ஆறினால் மறுபடி ரப்பர். ஷூ அடிப்பாகமும் தாரில் கலப்பதும் இந்தச் சாமான்தான். டேப் பசையில் பியூட்டாடையீனுக்குப் பதில் ஐசோப்ரீன், மற்றபடி அதே குடும்பம்.

இந்த இடத்துல செத்த சங்கிலி என்ன பண்ணும்னு பாருங்க. முதல் தொகுதியோடு செத்தது வெறும் பாலிஸ்டைரீன். ரெண்டாவதோடு செத்தது ரெண்டு தொகுதி மட்டும் உள்ள சங்கிலி, அதோட ரப்பர் முனை எதிலும் பிடிக்காமல் அந்தரத்தில் தொங்கும். பாலத்துக்கு ஒரு பக்கம் தூணே இல்லை. அப்படிப்பட்டவை கூடினால் இழுவலிமை இறங்கும்.

வரிசையும் நம் இஷ்டத்துக்கு இல்லை, அதையும் சொல்லிடணும். ஸ்டைரீன் நுனி மீதைல் மெத்தாக்ரிலேட்டைச் சேர்த்துக்கொள்ளும், மெத்தாக்ரிலேட் நுனி ஸ்டைரீனைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அதுக்கு அவ்வளவு வேகம் கிடையாது. ஸ்டைரீன் நுனியைக்கூட நேராக விடாமல், நடுவில் டைஃபினைல்எத்திலீன் ஒண்ணை மாட்டி அதோட மூர்க்கத்தைக் குறைத்துத்தான் அனுப்பணும், இல்லாட்டி மெத்தாக்ரிலேட்டின் கார்பனைலைக் கடிச்சு வெச்சிடும்.

சரி, இப்போ வில்லன் என்ட்ரி. (வில்லன்னு சொன்னாலும் திறமைசாலி, ஒத்துக்கறேன்.)

இவ்வளவு மடி ஆசாரம் முடியாது, தண்ணி இருந்தாலும் ஓடணும், எந்த மோனோமரா இருந்தாலும் ஓடணும் என்று ரேடிக்கலையே கட்டுப்படுத்தப் பார்த்தார்கள். ஜப்பானில் ஓட்சு 1982-ல் ஒரு வழி சொன்னார். ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ-வில் 1980-களில் நைட்ராக்ஸைடு முறை. 1995-ல் பிட்ஸ்பர்கில் மாட்யஜெவ்ஸ்கியும் ஜப்பானில் சவாமோட்டோவும் தனித்தனியாக, உலோகத்தை வைத்து ஒரு முறை, இன்றைக்கு ஏ.டி.ஆர்.பி என்று பிரபலம். 1998-ல் மறுபடி சி.எஸ்.ஐ.ஆர்.ஓ-விலிருந்து ராஃப்ட்.

சூட்சுமம் எல்லாத்திலும் ஒண்ணுதான்: சங்கிலியைத் தூங்க வை. கும்பகர்ணன் மாதிரி. எந்த நேரத்திலும் லட்சத்தில் ஒண்ணு, பத்து லட்சத்தில் ஒண்ணுதான் முழிச்சிருக்கும். முழிச்சவன் நாலு வாய் மோனோமர் சாப்பிட்டுட்டு மறுபடி தூங்கிடுவான். முழிச்சிருக்கிறவர்கள் குறைவு என்பதால் ரெண்டு பேர் மோதிக்கொள்வதும் குறைவு. குறைவு, கவனிங்க. இல்லவே இல்லை என்பதில்லை. முழிச்ச ரேடிக்கல் ரெண்டு சந்தித்தால் அன்றைக்கு எப்படிச் செத்ததோ இன்றைக்கும் அப்படியேதான் சாகும். இயற்கை விதி ஒண்ணும் மாறலை, விகிதம்தான் மாறியிருக்கு.

ராஃப்ட்டில் இதைக் கையாலேயே எண்ணிடலாம். 100 ராஃப்ட் மூலக்கூறு போட்டு, வினை முடிவதற்குள் 5 இனிஷியேட்டர் மூலக்கூறு உடைந்தால் அதிகபட்சம் 10 ரேடிக்கல் புதுசா உள்ளே வரும். உள்ளே வந்த கணக்குக்கு ஏத்த மாதிரி வெளியே போயாகணும், அதாவது சாகணும். மோசமான பட்சத்தில் ஏறக்குறைய 110 சங்கிலியில் 10 பிணம். இதைக் குறைக்க முடியும், நல்லாவே முடியும். 2013-ல் சிட்னியில் ஒரு குழு ராஃப்ட் முறையில் ஒரே பாத்திரத்தில் 20 தொகுதி கோத்துக் காட்டினார்கள். தொகுதி ஒவ்வொண்ணும் ரொம்பக் குட்டி, ஆனாலும் சாதனைதான். எப்படிச் சாதித்தார்கள்? செத்த சங்கிலி எத்தனை வரும்னு முன்கூட்டியே கணக்குப் போட்டு, இனிஷியேட்டரை அதுக்கேத்த மாதிரி அளந்தார்கள். நம்ம சங்கிலி சாகாதுன்னு நம்பிக்கிட்டு உட்காரலை.

நான் சண்டை போடுவது இவர்களோடு இல்லை. அந்த முறைகளை எடுத்து வைத்துக்கொண்டு 'லிவிங்' என்று தலைப்பில் போட்டுவிட்டு, செத்தது எத்தனை என்ற கேள்வியையே கேட்காதவர்களோடு. ஐயூபேக் 2010-லேயே தெளிவாச் சொல்லியாச்சு: லிவிங் ரேடிக்கல், கன்ட்ரோல்ட் ரேடிக்கல் என்ற பேர்களுக்குப் பதில் ரிவர்சிபிள் டீஆக்டிவேஷன் ரேடிக்கல் பாலிமரைசேஷன் என்று எழுதுங்கள்னு. வாயில் நுழையாத பேர்தான், ஒத்துக்கறேன். ஆனா உண்மையைச் சொல்ற பேர். தூங்க வைக்கிறோம், எழுப்புறோம், ரேடிக்கல்தான். சாகாதுன்னு அதில் எங்கேயும் சொல்லலை.

போன வருஷம் அக்கா பையன் எம்.எஸ்சி. பாடக்குறிப்பை எடுத்துட்டு வந்தான். எந்தக் கல்லூரின்னு வேணாம். "மாமா, பி.டி.ஐ 1.2-க்குக் கீழ இருந்தா லிவிங்னு எழுதிப் போட்டிருக்காங்க, இவ்ளோதானா?" என்றான். எனக்கு வந்த கோபத்துக்கு அன்னிக்கு அக்கா போட்ட காபியே கசந்தது.

பி.டி.ஐ என்பது சங்கிலிகளின் நீளம் எவ்வளவு ஒரே மாதிரி இருக்கு என்பதற்கான எண். எல்லாம் ஒரே நீளம் என்றால் 1. சங்கிலி சாகாமல், எல்லாம் ஒரே நேரத்தில் பிறந்து வளர்ந்தால் இந்த எண் 1-ஐ ஒட்டி வரும் என்று ஃப்ளோரி 1940-லேயே, ஷ்வார்ஸுக்கு 16 வருஷம் முன்னால, கணக்குப் போட்டு வைத்துவிட்டார். அதுவரை சரி. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, எண் சின்னதா இருந்தா லிவிங் என்பது எந்த ஊர் நியாயம்? மழை பெய்தால் தரை ஈரமாகும், அதுக்காக ஈரமான தரை எல்லாம் மழை பெஞ்ச தரையா? தண்ணி லாரி போயிருக்கலாமே.

ரெண்டு பக்கமும் உடையுது இந்த வாதம். வினை முடியப் போகிற நேரத்தில் பத்து சதவீதச் சங்கிலி நுனியை இழந்தால் நீளம் மாறாது, பி.டி.ஐ அப்படியே அழகா 1.1-ல் நிற்கும். ஆனா பத்தில் ஒண்ணு பிணம், அடுத்த தொகுதியை அதில் தைக்க முடியாது. மறுபக்கம், ஒரு சங்கிலிகூடச் சாகாத வினையில் பிறப்பு மட்டும் மெதுவாக நடந்தால், சீக்கிரம் பிறந்தது நீளமாகவும் தாமதமாகப் பிறந்தது குட்டையாகவும் இருந்து பி.டி.ஐ 1.3 வரைக்கும்கூடப் போகும். நூத்துக்கு நூறு லிவிங், ஆனா இந்தப் பாடக்குறிப்புப்படி ஃபெயில்!

ஆக, சோதனை ஒண்ணுதான் உருப்படி. ரெண்டாவது மோனோமரை விடு. ஜி.பி.சி-யில் பழைய மலை முழுசா இடம் பெயர்கிறதா பார். பழைய இடத்தில் ஒரு சின்ன மேடு மிச்சம் இருந்தா, அவங்கதான் போய்ச் சேர்ந்தவர்கள். அந்த மேட்டை மறைக்காமல் படத்தில் போடு. சதவீதத்தை எழுது. இதைச் செய்ய என்ன கஷ்டம்?

சதவீதம் சேரச் சேர என்ன ஆகும்னு தெரிஞ்சா கஷ்டம் எங்கேன்னு புரியும். ஒவ்வொரு மாற்றத்திலும் 95 சதவீதம் பிழைக்குது என்று வைத்துக்கொள்வோம், கேட்க நல்லாத்தான் இருக்கு. மூணு தொகுதிக்கு ரெண்டு மாற்றம், 90 சதவீதம். அஞ்சு தொகுதிக்கு 81. பத்து தொகுதிக்கு 63. மூணில் ஒண்ணுக்கு மேல குறைப்பிரசவம். தலைப்பில் மட்டும் 'லிவிங் முறையில் பத்து தொகுதி'!

இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒண்ணு. 'வியாபாரி பொய் சொல்வான், விஞ்ஞானி உண்மை சொல்வான்' என்றுதானே நமக்குப் பழக்கம்? ஒட்டுப்பசைக்கான கிரேட்டான் வகையறாவின் டேட்டா ஷீட்டை எடுத்துப் பாருங்க. டைபிளாக் இத்தனை சதவீதம் என்று ஒரு வரி இருக்கும். சில ரகத்தில் 15, 20 என்று வரும். மூணாவது தொகுதி சேராத சங்கிலிகளின் கணக்கு அது. பசைக்குக் கொஞ்சம் பிசுபிசுப்பு வேணும், அதுக்கு அரைகுறைச் சங்கிலி உதவும்னு வேணும்னே விட்டு வைக்கிறார்கள், விட்டு வைத்ததை வெளிப்படையா அச்சடிக்கிறார்கள். வாங்குறவன் கேட்பான் என்ற பயம். ஆய்வுக் கட்டுரையை வாங்குறவன் யாரு, கேட்க?

'நீ சொல்ற பழைய முறையில் மட்டும் சங்கிலி சாகறதே இல்லையா' என்று பின்னூட்டத்தில் ஒருத்தராவது கேட்பீங்க, தெரியும். சாகும். அழுக்குப் புகுந்தால் சாகும், ரொம்ப நேரம் சூட்டில் விட்டால் லித்தியம் ஹைட்ரைடு கழன்றும் சாகும். ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கு. அங்கே பெரும்பாலான சாவு கொலை. நாம் கவனமா இருந்தா தடுக்கலாம். ரேடிக்கலில் சாவு வினையின் கூடவே பிறந்தது. எவ்வளவு சுத்தமா வேலை செஞ்சாலும் முழுசாத் தடுக்க முடியாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத்தானே வார்த்தை வேணும்? இருக்கிற ஒரே வார்த்தையை ரெண்டுக்கும் வைத்துவிட்டால் அடுத்த பையன் எதை வைத்துப் பிரித்துப் பார்ப்பான்?

ஷ்வார்ஸ் 2000-ல் இறந்தார். 1991-ல் கியோட்டோ பரிசு கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை. அது தனிச் சண்டை, இன்னொரு நாள் வெச்சுக்கலாம்.

தமிழில் எழுதுறவங்களுக்கு ஒரு விண்ணப்பம். 'உயிருள்ள பலபடியாக்கல்' என்றால் ஏதோ பாக்டீரியா சமாச்சாரம்னு நினைக்கிறாங்க, என் பக்கத்து சீட்டுக்காரர் அப்படித்தான் நினைத்தார். நான் 'சாகாச் சங்கிலி' என்று எழுதப் போறேன். கும்பகர்ண வகைக்கு 'உறங்குச் சங்கிலி'. இதைவிட நல்லதா யாராவது வெச்சிருந்தா கொடுங்க, மாத்திக்கிறேன். ரெண்டும் ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு மட்டும் வராதீங்க.

பி.கு: எத்திலீன் ஆக்சைடு, புரொப்பிலீன் ஆக்சைடு தொகுதிகளைக் கோத்த ப்ளூரோனிக் 1950-களின் ஆரம்பத்திலேயே, ஷ்வார்ஸ் பேர் வைக்கிறதுக்கு முன்னாடியே, விற்பனைக்கு வந்துவிட்டது, அதைச் சொல்லலையேன்னு கேட்கப் போறவங்களுக்கு: அதில் புரொப்பிலீன் ஆக்சைடு வளரும்போது சங்கிலி மாற்றம் நடக்கும், நுனி உயிர் மோனோமருக்குத் தாவும். அதனால அதுவும் என் கணக்கில் சாகாச் சங்கிலி இல்லை. வயசுல மூத்ததுன்னு சலுகை எல்லாம் கிடையாது.